கடலாழமும் கருவின் அளவும்

ஒலுவிலிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் பெரிய படகுகளில் எதிரொலி ஆழமானி என்னும் கருவியைக் காணலாம். அது கடலடியை நோக்கி ஒலியை அனுப்பி, எதிரொலி மீண்டுவர எடுத்த நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணித்துக் கூறும். வைத்தியசாலையில் நம் தாய்மார் கண்டு பழகிய ‘ஸ்கேன்’ யந்திரமும் இதன் உடன்பிறப்பே.

அண்மையில் அவ்வூர்க் கடற்கரையில் என்னைச் சந்தித்த பழைய மாணவன் ஒருவன், இப்போது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பயில்பவன், “சேர், பிள்ளையின் தலை இத்தனை மில்லிமீற்றர் என்று யந்திரம் சொல்கிறது. யந்திரம் சொல்வது சரியென்று யார் சொல்வது?” என்று கேட்டான். வகுப்பில் இருந்த காலத்தில் இவன் இப்படியொரு வினாவைக் கேட்டதில்லை!

வைத்தியர் வயிற்றின்மீது வைத்து நகர்த்தும் கைக்கருவியினுள்ளே சிறு பளிங்குகள் உள்ளன. சிலவகைப் பளிங்குகளை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880இல் பிரான்சிலே கியூரி சகோதரர் கண்டனர். மின்சாரம் செலுத்தினால் அவை அதிரும் என்பதும் விரைவிலேயே புலனாயிற்று. ஆகவே ஒரே பளிங்கு வாயாகவும் செவியாகவும் தொழிற்படுகின்றது. செக்கனுக்குப் பல பத்துலட்சம் தடவை அதிரும் அந்தக் கழியொலி நம் காதுக்குக் கேளாது.

இங்கேதான் நுட்பம் உள்ளது. யந்திரம் நீளத்தை அளப்பதில்லை, நேரத்தையே அளக்கின்றது. உடலின் மென்மையான இழையங்களில் ஒலி செக்கனுக்கு 1,540 மீற்றர் செல்லும் என்று வைத்துக்கொண்டு, நேரத்தை நீளமாக மாற்றுகின்றது. அந்தக் கணக்கிலோ கடிகாரத்திலோ பிழை நேர்ந்தாலும் படம் அழகாகவே தோன்றும். அளவு மட்டும் பொய்க்கும்.

இருபது வார வயதுள்ள சிசுவின் தலையகலம் ஏறக்குறைய 47 மில்லிமீற்றர். அதில் நூற்றுக்கு நான்கு பங்கு பிழை ஏற்பட்டால், வயது நான்கைந்து நாள் மாறிவிடும். பிழையான யந்திரத்தில் ஒருமுறையும் சரியான யந்திரத்தில் மறுமுறையும் அளந்தால், நன்றாக வளரும் பிள்ளையும் வளர்ச்சி குன்றியதாகத் தோன்றலாம். அந்தத் தாய்க்கு அன்றிரவு உறக்கம் வருமா?

1955இல் கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் இயன் டொனால்ட், உலோகத்தில் வெடிப்பைத் தேடும் யந்திரம் இருந்த தொழிற்சாலைக்கு, சத்திரசிகிச்சையில் அகற்றிய கட்டிகளைத் தம் காரிலே கொண்டு சென்றார். ஒப்புநோக்குவதற்கு அங்கே ஓர் இறைச்சித் துண்டும் வைக்கப்பட்டது. பின்னர், வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட பெண்ணொருத்திக்கு இருந்தது அகற்றக்கூடிய சூலகக் கட்டியே என்று இம்முறை காட்டியது, அவள் பிழைத்தாள். இவ்வாராய்ச்சி 1958இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது.

அந்த இறைச்சித் துண்டின் இடத்தில் இன்று சோதனைப் பெட்டி இருக்கின்றது. உடலிழையத்தை ஒத்த கூழினுள்ளே, திட்டமான இடைவெளிகளில் நைலோன் நூல்கள் கட்டப்பட்டிருக்கும். நூல்களின் இடைவெளி திரையில் சரியாகத் தோன்றினால் அளவு சரி. படத்தில் கரிய கோடொன்று நீளவாக்கில் விழுந்தால், ஒரு பளிங்கு செயலிழந்திருக்கலாம்.

“வாளித் தண்ணீர் போதாதா, சேர்?” என்றான் மாணவன். போதாது. 20 பாகை வெப்பமுள்ள நீரில் ஒலியின் வேகம் ஏறக்குறைய 1,480 மீற்றரே. 10 சென்ரிமீற்றரை யந்திரம் 10.4 என்று காட்டும். பெட்டியிலுள்ள கூழ் உலர்ந்தாலும் வேகம் மாறிவிடும். ஆதலால் அந்தப் பெட்டியையும் காலத்துக்குக் காலம் சோதிக்க வேண்டும் என்றேன்.

“அதை எதைக்கொண்டு சோதிப்பது?” என்றான். படகுகள் கரை திரும்பும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.