தொழில் மாறியவர்கள்: சம்பளம் கொடுப்பவர் யார்?

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு ஹெச்.ஆர். கன்சல்டன்ட் ஆகலாமா என்று தில்லித் தமிழ் ஆசிரியைகள் கேட்கும்போதெல்லாம், நான் மதராசி கேம்ப்பில் இருந்துதான் பேச்சைத் தொடங்குவேன். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல் பார்ப்பார்கள். சம்பந்தம் உண்டு, கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

ஜங்புராவில் பாராபுலா நாலாவின் கரையை ஒட்டி இருந்தது மதராசி கேம்ப். அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன. மழைக்காலத்துக்கு முன் நாலாவைத் தூர்வார வேண்டும், அதற்கு ஆக்கிரமிப்பு அகல வேண்டும் என்று 2025 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூன் 1 அன்று புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 வீடுகள் இருந்த இடத்தில், மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவை என்று பட்டியலில் ஏறியவை 189. அவற்றுக்கு ஒதுக்கப்பட்டவை நகரத்தின் வடகோடியில், நரேலாவில் உள்ள அடுக்குமாடி வீடுகள். ஜங்புராவுக்கும் நரேலாவுக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர்.

உத்தரவின் நியாயத்தைப் பேச இந்தத் தொடர் இடமல்ல. வேலையைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கேம்ப்பின் பெண்கள் பலர் ஜங்புரா, நிஜாமுதீன் பக்கத்து வீடுகளில் சமையல், பாத்திரம், துடைப்பு என்று வேலை பார்த்தவர்கள். தில்லியில் இந்த வேலைக்கு ஆள் எடுக்கும் விதத்தை ஒரு ஹெச்.ஆர். மாணவர் உட்கார்ந்து கவனித்தால் பாதிப் படிப்பு முடிந்துவிடும். ஒரு வீட்டில் பத்து வருஷம் நின்ற அக்கா, ஊரிலிருந்து வந்த புதுப் பெண்ணைப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப் போவார். “நம்ம பொண்ணுதான், கை சுத்தம்” என்பார். அந்த ஒரு வாக்கியம்தான் நற்சான்று. பெண் சரியில்லை என்றால் முதலில் கெடுவது அக்காவின் பெயர், ஆகவே சும்மா யாரையும் அவர் கூட்டிப் போகமாட்டார். முதல் மாதம் சோதனை. ஒத்துவராவிட்டால் வேறு ஆள் தருவதும் அவர் பொறுப்பு. ஏஜென்சிகள் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கும் சமாச்சாரங்கள் அத்தனையும் இதில் உண்டு, கட்டணத்தைத் தவிர.

கட்டணம் வாங்கும் ஏஜென்சிகளும் தில்லியில் ஏராளம். வெளி மாநிலச் சிறுமிகளை ஏமாற்றிக் கூட்டி வந்து வீடுகளில் விட்ட கதைகள் நீதிமன்றம் வரை போயின. தில்லி அரசு 2014-இல் தனியார் பிளேஸ்மென்ட் ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்த ஓர் ஆணை கொண்டுவந்து, வீட்டு வேலைக்கு ஆள் தருபவர்கள் உரிமம் பெற வேண்டும் என்றது. கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்ல வரும் ஹெச்.ஆர். கன்சல்டன்டுக்கு நம் நாட்டில் தனி உரிமமோ பரீட்சையோ கிடையாது. பலகை மாட்டினால் கடை திறந்த மாதிரி. பி.எட். இல்லாமல் வகுப்புக்குள் நுழைய முடியாத ஆசிரியருக்கு இது வியப்பாக இருக்கும். போட்டி கடுமையாக இருப்பதற்கும் இதுவே காரணம்.

ஆசிரியருக்கு இந்தத் துறை அந்நியமா? இந்தியாவில் இது இன்றைய வடிவில் பிறந்ததே இரண்டு பேராசிரியர்களின் கையில்தான். உதய் பாரீக் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் உளவியல் கற்பித்தவர், தில்லியில் ஆதாரக் கல்வி நிறுவனத்திலும் பணிபுரிந்தவர். அவரும் டி.வி. ராவும் அகமதாபாத் ஐ.ஐ.எம்-மில் இருந்தபோது, 1974-இல் லார்சன் அண்ட் டூப்ரோ அவர்களை அழைத்தது. எங்கள் ஊழியர் மதிப்பீட்டு முறையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்பதுதான் கொடுத்த வேலை. இருவரும் படிவத்தோடு நிற்கவில்லை. போன வருஷம் ஒருவர் என்ன செய்தார் என்பது வேறு, நாளைக்கு எதைச் செய்யக்கூடியவர் என்பது வேறு, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள் என்றார்கள். மேலதிகாரி உட்கார்ந்து பேசி ஊழியரை வழிநடத்த வேண்டும், பயிற்சி தர வேண்டும், பதவி வளர்ச்சிக்குத் திட்டம் வேண்டும் என்றார்கள். இவை அனைத்தையும் கவனிக்க மனிதவள மேம்பாட்டுக்கென்றே தனித்துறை வேண்டும் என்ற அவர்கள் பரிந்துரையை 1975-இல் கம்பெனி ஏற்றது. இந்தியாவில் அப்படி ஒரு துறை அமைந்தது அதுவே முதல் முறை.

நல்ல வகுப்பாசிரியர் எவருக்கும் இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. காலாண்டுத் தேர்வில் 38 வாங்கிய பையன் கணக்கில் கெட்டி, பரீட்சைப் பயத்தில் கோட்டை விடுகிறான் என்பது அவருக்குத் தெரியும். ரிப்போர்ட் கார்டில் அதற்கு இடமில்லாததால் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வார். கம்பெனியில் பேச வேண்டிய பேச்சும் இதுவே.

ஆனால் இங்கேதான் ஒரு வில்லங்கம். பள்ளியில் கட்டணம் கட்டுவது பெற்றோர், ஆசிரியர் பரிந்து பேசுவது அவர்கள் பிள்ளைக்காக. கன்சல்டன்டின் கதை வேறு. வேலை தேடி வருபவர் எதிரே உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுவார். பணம் கொடுப்பவர் நிர்வாகம். ஆள் எடுத்துக் கொடுத்தால் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், நம் நாட்டில் பழகிப்போன கட்டணம். ஆள் எடுப்பதற்கு அழைக்கும் அதே கம்பெனி, ஆள் குறைப்பதற்கும் அழைக்கும். பட்டியல் தயாரிக்கும் கை உங்களுடையதாக இருக்கும். இருபது வருஷம் பிள்ளைகளுக்காகப் பேசிய ஒருவருக்கு அந்த வேலை முதல் தடவை தொண்டையில் நிற்கும். நிற்கவில்லை என்றால்தான் நான் கவலைப்படுவேன்.

எதிர்ப்பக்கம் போனவர்களும் உண்டு. திரு.வி.க. ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியர். அதை விட்டு 1917-இல் ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். அடுத்த ஆண்டு மில் தொழிலாளர்களுக்காகத் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் முன்னணியில் நின்றார். மில் நிர்வாகம் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை என்பதால் அவர் பேச்சில் தயக்கமும் இருக்கவில்லை.

எல்லோரும் திரு.வி.க. ஆக முடியாது, வீட்டு வாடகை இருக்கிறது. நிர்வாகத்திடம் பணம் வாங்கிக்கொண்டே ஊழியரின் நிலைமையை நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்லலாம். அதற்குத்தான் நரேலா.

காலை ஏழு மணிக்கு ஜங்புராவில் அடுப்பு பற்றவைக்க வேண்டிய பெண் நரேலாவிலிருந்து கிளம்ப வேண்டிய நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலைத் திறமை அப்படியே இருக்கிறது, எஜமானியின் நம்பிக்கையும் இருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் அந்த வேலையைத் தின்றுவிடும். நேரு பிளேஸிலிருந்து மானேசருக்கு அலுவலகத்தை மாற்றும் கம்பெனியிலும் இதே கதைதான் நடக்கும். ஆறு மாதத்தில் பெண் ஊழியர்கள் ஒவ்வொருவராக விலகுவார்கள். ‘சொந்தக் காரணம்’ என்று ராஜினாமா கடிதத்தில் இருக்கும், கன்சல்டன்ட் அதை அப்படியே எக்ஸெல்லில் ஏற்றுவார். கடைசி பெஞ்சுப் பையன் ஏன் தினமும் இரண்டாவது பீரியடுக்கு வருகிறான் என்று அவன் வீடு வரை போய் விசாரித்த ஆசிரியர் அந்தக் காரணத்தை நம்பமாட்டார். வீடு எங்கே, பஸ் எது, குழந்தையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்பார். ஆலோசகராக அவர் விற்க வேண்டிய சரக்கு அதுதான். ரெஸ்யூம் சலிப்பதற்கு இப்போது கம்ப்யூட்டரே போதும்.

படிக்க வேண்டியதும் நிறைய. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன, 29 பழைய சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. பணி நியமனக் கடிதம், சம்பளத்தின் வரையறை, குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கப்படும் ஊழியருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி என்று சிறு கம்பெனிகள் குழம்பி நிற்கின்றன. புதிதாக வருபவருக்கு நுழைவாயில் இதுதான். தலைமைப் பண்புப் பயிற்சி என்று தொடங்கினால் கூட்டத்தில் காணாமல் போவார். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், பிறருக்காக இந்தச் சட்டங்களைப் படிக்கப் போகும் ஆசிரியர், தம் தொழிலில் பல காலம் இவற்றுக்கு வெளியே நின்றவர். கோவாவில் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் ஆசிரியையின் வழக்கில், ஆசிரியர் தொழில் தகராறு சட்டத்தின்படி ‘தொழிலாளி’ அல்ல என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிராஜுவிட்டியும் கிடையாது என்று 2004-இல் ஒரு தீர்ப்பு. நாடாளுமன்றம் 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் உண்டு என்றது. தனியார் பள்ளிகள் அதையும் எதிர்த்துப் போய் 2022 ஆகஸ்டில் தோற்றன. மதராசி கேம்ப்பின் சமையற்கார அக்காவுக்கோ தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கு ஒரு சட்டம் பற்றி ஆராயுங்கள் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னது.

ஆகவே, மாற நினைக்கும் ஆசிரியர் போடும் முதல் ஹெச்.ஆர். கணக்கு தம்முடையதாக இருக்கட்டும். கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைச் சர்வீஸ் வருஷங்களால் பெருக்குங்கள். பள்ளி உங்களுக்குத் தர வேண்டிய கிராஜுவிட்டி அது. கிராஜுவிட்டிக்கு வேண்டிய ஐந்து வருஷம் நிறைய இரண்டு மாதம் பாக்கி இருந்தால், அந்த இரண்டு மாதமும் பாடம் நடத்திவிட்டு ராஜினாமா கடிதத்தைக் கொடுங்கள்.