ஹீட்டர் இல்லாமலே கதகதப்பு!

மே மாசம் பெருங்குடியில் கரண்ட் போனால் நாம என்ன பாடு படுவோம்னு உங்களுக்கே தெரியும். இதற்கு நேர் எதிரான ஊர் நம் நாட்டிலேயே இருக்கிறது. அதுதான் லடாக்!

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மைனஸ் 15 டிகிரி வரைக்கும் போகும். கூடவே ஊசி மாதிரி குத்தும் காற்று. மரங்கள் குறைவு என்பதால் விறகும் குறைவு. வறட்டி எரித்தால் வீடெல்லாம் புகை.

அங்கே ஃபே என்ற ஊரில் செக்மோல் என்ற கல்வி அமைப்பின் வளாகம் உள்ளது. 1988-ல் சோனம் வாங்சுக்கும் சில மாணவர்களும் தொடங்கிய அமைப்பு இது. பத்தாம் வகுப்பில் ஃபெயில் ஆனவர்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மாணவர்களும் சேர்ந்து கட்டிய மண் கட்டடத்தில், வெளியே மைனஸ் 15 என்றாலும் உள்ளே சுமார் 15 டிகிரி இருக்கும். எப்படி?

1. வெயிலைப் பிடி: குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து தாழ்வாகப் போகும். அதனால் பெரிய ஜன்னல்கள் எல்லாம் தெற்குப் பக்கம். அதற்கு முன்னால் பிளாஸ்டிக் தாளால் ஒரு கூடாரம். கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்திய கார் மாதிரி உள்ளே சூடேறும். கோடையில் அந்தத் தாளைக் கழற்றிவிடுவார்கள்.

2. சேர்த்து வை: மண்ணை இடித்துக் கெட்டியாக்கிய தடித்த சுவர் பகலில் சூட்டைக் குடித்து, ராத்திரியில் மெல்ல வெளியே விடும். நம்ம மொட்டை மாடித் தரை ராத்திரியிலும் சுடுதே, அதே கதைதான்!

3. தப்ப விடாதே: வடக்குப் பக்கம் மண் அணைப்பு. கூரையிலும் சுவரிலும் மரத்தூள் போன்ற பொருள்கள். இடுக்கு வழியாகக் குளிர்காற்று நுழையக் கூடாது. 1991-ல் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் கட்டிய 'பாசிவ் ஹவுஸ்' வீட்டிலும் இதுதான் முக்கிய விதி.

இந்த லடாக் கட்டடத்துக்கு 2016-ல் பிரான்சில் சர்வதேச டெர்ரா விருது கிடைத்தது. ஃபெயில் ஆனவர்கள் கை வைத்த கட்டடம் உலக அளவில் பாஸ்!

சரி, நமக்கு என்ன பயன்? நாம அப்படியே திருப்பிப் போட வேண்டும். வெயிலைப் பிடிக்காமல் விரட்ட வேண்டும். மேற்குச் சுவருக்கு மர நிழல், மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. நம்ம பள்ளி மாடியில் ஒரு வகுப்பறைக்கு மேலே மட்டும் சுண்ணாம்பு அடித்து, பக்கத்து வகுப்போடு தெர்மாமீட்டரில் ஒப்பிட்டுப் பார்க்கலாமா? அறிவியல் ஆசிரியர் அனுமதித்தால் பக்கெட்டும் பிரஷும் நாங்க ரெடி!