குளிர் உறங்க வைக்கும், கொல்லாது

சித்திரை பிறந்ததும் திருத்தணியில் வெயிலும் மாம்பழமும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் தமிழக ஊர்களுள் நம் ஊரும் அடிக்கடி இடம்பெறுவதை அறிவோம். எல்லைக்கு அப்பால், சித்தூர் மாவட்டத்துக் கிளிமூக்கு மாம்பழங்கள் ஆலைகளில் கூழாகி அயல்நாடுகளுக்கும் செல்கின்றன. விலை மலிந்த நாளில் பழங்களை வாங்கி, நறுக்கி, உறைய வைத்துப் பின்னர் பயன்படுத்தும் வழக்கம் இன்று இல்லங்களிலும் பழரசக் கடைகளிலும் பரவியுள்ளது. இது போற்றத்தக்க சிக்கனமே. ஆயினும், "பனிக்கட்டியாய் உறைந்ததில் கிருமி ஏது?" என்னும் எண்ணம் ஆபத்தானது.

குளிர் கிருமிகளை உறங்க வைக்கிறதே தவிர, எல்லாவற்றையும் கொல்வதில்லை. பனி உருகியதும் அவை விழித்தெழுகின்றன. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவில் உறைந்த பழக்கலவையை உண்டவர்களுள் 160க்கும் மேற்பட்டோர் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் 'ஹெப்படைடிஸ் ஏ' நோய்க்கு ஆளாயினர். அக்கலவையில் இருந்த, துருக்கியிலிருந்து வந்த மாதுளை முத்துக்களே காரணம் என விசாரணையில் தெரிந்தது. தூய்மையற்ற கைகளாலும் கழிவு கலந்த நீராலும் பரவும் இந்நோய்க்கிருமி உறைகுளிரிலும் அழிவதில்லை. 'லிஸ்டீரியா' என்னும் மற்றொரு கிருமியோ குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணக் குளிரிலும் மெல்லப் பெருக வல்லது. கருவுற்ற தாய்மாருக்கு அது கருச்சிதைவை உண்டாக்கலாம். முதியோரின் உயிரையும் பறிக்கலாம்.

ஆகவே, தூய்மை உறைவதற்கு முன்பே தொடங்க வேண்டும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, பழத்தைத் தோலோடு குடிநீரில் கழுவித் துடைத்த பின்னரே நறுக்குக. மீன், இறைச்சி அரிந்த பலகையும் கத்தியும் இதற்கு வேண்டா. ஒரு வேளைக்குப் போதுமான சிறு பொட்டலங்களாகக் காற்றுப் புகாமல் கட்டி, தேதி எழுதி, ப்ரீசரில் வையுங்கள். அங்கே குளிர் மைனஸ் 18 டிகிரி அளவில் இருத்தல் நலம். எடுக்கும்போது அடுப்படி மேடையில் வைத்து உருக்காமல், குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலேயே உருக விடுக. 32 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்ததை உண்ணலாகாது. முற்றிலும் உருகியதை மீண்டும் உறைய வைக்கவும் கூடாது. கருவுற்றோருக்கும் நோயாளருக்கும் கொடுப்பதாயின் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுப்பதே பாதுகாப்பு.

மின்வெட்டு நேர்ந்தால் கதவைத் திறவாதீர்கள். நிரம்பிய ப்ரீசர் ஏறத்தாழ 2 நாளும், பாதி நிறைந்தது 1 நாளும் குளிரைக் காக்கும் என்பர். நம் கோடைக்கு இதனினும் குறைவாகவே எதிர்பார்த்தல் நன்று. பனித்துகள் இன்னும் ஒட்டியிருந்தால் மீண்டும் உறைய வைக்கலாம்.

உணவகமும் பழரசக் கடையும் நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. இரவில் மின்சாரத்தை மிச்சப்படுத்த ப்ரீசரை நிறுத்துவது, உருகியதைக் காலையில் மீண்டும் உறைய வைப்பது, அரைக்கும் ஜாடியைக் கழுவாமல் நாள் முழுதும் பயன்படுத்துவது ஆகியவை கண்ணுக்குத் தெரியாத குற்றங்கள். வயிற்றுப்போக்கு உள்ள பணியாளருக்கு ஓய்வு கொடுங்கள். உறைந்த பழத்தை வெளியிலிருந்து வாங்கினால், பொட்டலத்தில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் தேதியும் உள்ளனவா எனப் பாருங்கள்.

ஐந்தாம் கட்டளை கத்தியெடுப்பவனுக்கு மட்டும் உரியதன்று; பிறர் உடல்நலத்தைப் பேணும் கடமையையும் அது உட்கொண்டது என்று திருச்சபை போதிக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு மலையேறி இறங்கும் யாத்திரிகர் தாகத்தோடு நம் கடை வாசலில் நிற்கையில், அவர் எம்மதத்தவராயினும் நம் அயலாரே. அப்பங்களைப் பலுகச் செய்த ஆண்டவர், மீந்த துண்டுகளை வீணாக்காமல் சேர்க்கச் சொன்னார். சேர்த்து வைப்பது புண்ணியம். கெட்டதைச் சிக்கனத்தின் பெயரால் பிள்ளைகளுக்கும் விருந்தினருக்கும் ஊட்டுவது புண்ணியமாகாது. ஐயம் எழுந்தால் கொட்டிவிடுங்கள்; ஒரு கிண்ணப் பழத்தைவிட ஓர் உயிர் பெரிது.