கரண்டு இல்லாத ராத்திரியில் புத்தகம்

2020 நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே கரையைக் கடந்து, நம்ம வேலூர்ப் பக்கமும் மழையைக் கொட்டியது. புயலில் கம்பி அறுந்து யாரும் சாகக்கூடாது என்றுதான் கரண்டை முன்கூட்டியே நிறுத்துகிறார்கள். டி.வி. ஓடாது, செல்லில் சார்ஜும் நிற்காது. அப்போது ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம் என்று குழுக்களில் நாங்கள் சொல்லி வருகிறோம். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அக்காவுக்கும் கதை போய்ச் சேரும். பிள்ளைகளையே படிக்கச் சொல்லுங்கள், திக்கினால் அதட்டாதீர்கள். 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகளில் நூலகம் கட்டினார்கள். மழைக்கு முன்பே அங்கே புத்தகம் எடுத்து, பாலித்தீன் பையில் சுற்றி வையுங்கள்.

சகோதரிகளே, வெளிச்சம்தான் முக்கியம். ஆம்பூர் பக்கம் வீட்டிலேயே ஷூ அப்பர் தைக்கிறவர்கள் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா வைத்திருப்பீர்கள். அதன் ஆவி தரையோடு பரவி, தள்ளி இருக்கிற நெருப்பையும் பிடித்துக்கொள்ளும். அந்த அறையில் மெழுகுவர்த்தி, சிம்னி விளக்கு எதுவும் வேண்டாம். டார்ச் லைட்டில் படியுங்கள்.