முகாரி அழுகிறதா?

ஓயாமல் புலம்புகிறவரைப் பார்த்து "முகாரி பாடாதே" என்பது தமிழ்ப் பேச்சு வழக்கு. முகாரி ராகம் என்றாலே சோகம் என்ற எண்ணம் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. ஆனால் தியாகராஜர் அதே முகாரியில் அமைத்த 'எந்தனினே' கீர்த்தனை, ராமனை உபசரிக்கும் பேறு பெற்ற சபரியின் பாக்கியத்தை வியந்து மகிழ்கிறது. ஒப்பாரிக்கு அங்கே இடமே இல்லை.

சுரங்களைப் பார்த்தால் குழப்பம் இன்னும் கூடும். முகாரிக்கும் பைரவிக்கும் அவரோகணம் ஒன்றே. சுர வகையில்கூட வேறுபாடு கிடையாது. ஏறும்போதுதான் பிரிகின்றன. பைரவி ஒரு சுரமும் விடாமல் நேராக ஏறும். முகாரி காந்தாரத்தைத் தாண்டி, 'ரி ம ப நி த ச' என்று வளைந்து போகும். இவ்வளவு நெருங்கிய இரண்டில் ஒன்றைக் கம்பீரம் என்றும் மற்றதை அழுகை என்றும் சொல்வதற்கான காரணம் சுரப்பட்டியலில் இல்லை. கமகத்தில், பிடிகளில், எந்தச் சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதில் பாதி இருக்கிறது. மீதி, கேட்பவரின் பழக்கம்.

அந்தப் பழக்கம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. சங்கப் பாடல்களில் பண்ணுக்கு ஒரு வேலை உண்டு. புறநானூற்றின் 281ஆம் பாட்டில், விழுப்புண் பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்க, வீட்டில் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு தூவி, மணி அடித்துக் காஞ்சிப் பண் பாடுகிறார்கள். அகநானூறு 102இல் தினைப்புனக் காவலன் கள்ளுண்டு மயங்கிக் கிடக்க, கொடிச்சி கூந்தலைக் கோதியபடி குறிஞ்சி பாடுகிறாள். மேய வந்த யானை கதிரையும் தின்னாமல், நின்ற இடத்தை விட்டும் நகராமல் தூங்கிப்போகிறது. தமிழில் பதிவான முதல் ரசிகர்களில் அந்த யானையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

17ஆம் நூற்றாண்டில் க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்களோடு, உணர்ச்சி நாயகியின் சொல்லைப் பற்றிக்கொண்டது. காத்திருப்பு, ஊடல், ஏளனம் எல்லாம் மிக மெதுவான நடையில் விரியும். ஒரே வரியை அபிநயத்தில் பல விதமாகக் காட்டுவார்கள். வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தது இந்தப் பத மரபில் ஊறிய இசை. தியாகராஜரின் கீர்த்தனைகளில் நாயகியின் இடத்துக்குப் பக்தன் வந்தான். சங்கதிக்குச் சங்கதி ஒரே சொல்லின் மனநிலை மாறியது.

பிறகு சபாக்கள் வந்தன. 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியது; பல உருப்படிகளை விறுவிறுப்பாக அடுக்கும் இன்றைய கச்சேரி முறையை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்தினார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்கும் ரசிகருக்குக் கணக்கு சரியாக முடிவதும் ஒரு சிலிர்ப்புதான். அதை உணர்ச்சியில் சேர்க்காமல் விடுவது நியாயமில்லை.

பொருள் தெரியாத மொழியில் உருக முடியுமா என்ற கேள்வியை 1940களின் தமிழிசை இயக்கம் கிளப்பியது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் உருவானது. ராக பாவத்துக்குச் சொல் வேண்டாம் என்றது எதிர்த்தரப்பு. ஆலாபனைக்கு அந்த வாதம் பொருந்தும். நிரவலுக்குப் பொருந்தாது, ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடி அதன் பொருளையே துலக்குவது நிரவல். அதில் பேரெடுத்த முசிரி சுப்பிரமணிய ஐயரைச் சொல் விளங்காமல் கேட்டவர் பாதிதான் கேட்டிருப்பார்.

இந்திய இசையே பழகாத காதுகளுக்கு என்ன எட்டும்? 1999இல் பால்க்வில், தாம்ப்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், மேல்நாட்டுக் கேட்பாளர்கள் இந்துஸ்தானி ராகங்களில் மகிழ்ச்சி, துயரம், கோபம் மூன்றையும் இனம்கண்டார்கள். வேகமும் எளிய மெட்டும் மகிழ்ச்சியாகவும், மெதுவான நடையும் சிக்கலான மெட்டும் துயரமாகவும் பட்டன. சாந்தம் மட்டும் பிடிபடவில்லை. தொல்காப்பியத்தின் எட்டு மெய்ப்பாடுகளிலும் நாட்டிய சாத்திரத்தின் எட்டு ரசங்களிலும்கூடச் சாந்தம் கிடையாது. ஒன்பதாவது ரசமாக அது பிற்காலத்தில்தான் வந்து சேர்ந்தது.