குழாயைத் துலக்கும் கை

புட்டுக் குழலைக் கழுவிப் பழகிய இல்லத்தரசியருக்கு, நாம் இன்று எழுதப் புகுந்த விஷயம் எளிதில் விளங்கும். குழலின் வெளிப்புறத்தை ஒரு சிரங்கைத் தண்ணீரிலே சுத்தமாக்கிவிடலாம். உட்புறம் அப்படிப்பட்டதன்று. மாப்பசை காயுமுன் கழுவினால் ஒரு துடைப்பிலே போய்விடும். மறுநாள்வரை விட்டுவைத்தாலோ சுரண்டினாலும் போகாது. இனி, அக்குழல் மூன்றடிக்கு மேல் நீளமானதென்றும், அதன் துவாரம் ஒரு கடுகு நுழையுமளவினதே என்றும், அதனூடு சென்று வந்தது அரிசிமா அன்று, நோயாளி ஒருவரின் சளியும் இரத்தமும் என்றும், சிறிது நேரத்தில் அதே குழாய் இன்னொருவரின் தொண்டையினுள் இறங்கவேண்டுமென்றும் எண்ணிப் பாருங்கள்.

வைத்தியசாலைகளிலே இரைப்பையையும் குடலையும் நுரையீரலையும் உள்ளே சென்று பார்ப்பதற்குப் பயன்படும் அகநோக்கிக் குழாயின் நிலை இதுவே.

இக்கருவியின் வரலாறு சுவையானது. 1868ஆம் ஆண்டிலே, ஜெர்மனியின் பிரைபேர்க் நகரில், அடொல்ப் குஸ்மவுல் என்னும் வைத்தியர் வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரை அழைத்து, அவர் தொண்டை வழியே நேரான உலோகக் குழாயைச் செலுத்தி இரைப்பையைக் காண முயன்றார். குழாய் இறங்கிவிட்டது, வெளிச்சந்தான் போதவில்லை. வித்தைக்காரரல்லாத சாதாரண மனிதருக்கும் ஏற்ற வளையுங் குழாய் வருவதற்கு ஏறக்குறைய 90 ஆண்டுகள் சென்றன. 1957இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே பணியாற்றிய பசில் ஹிர்ஷோவிட்ஸ், மெல்லிய கண்ணாடி நார்களைக் கற்றையாக்கி அமைத்த கருவியை முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். பின்னரே நோயாளிக்குச் செலுத்தினார். 1960களின் பிற்பகுதியில் யப்பானிய வைத்தியர் ஷிகெடோ இக்கேடா நுரையீரலுக்கும் அத்தகைய கருவியை அமைத்தளித்தார்.

வளையுங் குழாய் வந்ததோடு ஒரு தொல்லையும் உடன் வந்தது. உலோகக் கத்தியையும் கத்தரிக்கோலையும் நீராவியிலே 121 பாகை வெப்பத்துக்கு மேல் வைத்தால் அவற்றிலுள்ள கிருமிகள் யாவும் மடியும். அகநோக்கியை அவ்வாறு வைத்தாலோ கருவியே மடியும். வில்லைகளை ஒட்டிய பசையும் மேலுறையும் அவ்வெப்பத்தைத் தாங்கமாட்டா. ஆகவே இரசாயனத் திரவத்தில் அமிழ்த்தி எடுப்பதே வழியாயிற்று. பிலடெல்பியாவின் ஏர்ல் ஸ்போல்டிங் என்ற அறிஞர் வைத்தியக் கருவிகளை மூவகையாகப் பிரித்தார். இரத்தத்திலும் உடலின் தூய உட்பாகங்களிலும் நுழைபவை முதல்வகை. வாய், குடல், சுவாசக் குழல் என்பவற்றின் மென்சவ்வைத் தொடுபவை இரண்டாம் வகை. தோலை மாத்திரம் தொடுபவை மூன்றாம் வகை. அகநோக்கிகளிற் பெரும்பாலானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு உயர்தரத் தொற்றுநீக்கம் வேண்டுமென்பது இன்றும் கைக்கொள்ளப்படும் விதி.

நிற்க. 2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் திகதி, கொரோனா வைரசு நோய் உலகப் பெருந்தொற்றெனப் பிரகடனஞ் செய்யப்பட்டது. எமது வகுப்பறைகள் பூட்டிக் கிடந்த அந்நாட்களிலே, உலகெங்குமுள்ள வைத்தியசாலைகளில் ஒரு கேள்வி எழுந்தது. நோயாளியின் நுரையீரலுக்குள்ளேயே சென்று, வைரசு நிறைந்த சளியை உறிஞ்சி வரும் குழாயை அடுத்தவருக்கு எப்படிப் பயன்படுத்துவது? பழைய மருந்துகள் போதுமா, அல்லது இன்னும் கடுமையானவை வேண்டுமா?

விடை பலரையும் வியப்பில் ஆழ்த்தியிருக்கும். பழைய மருந்துகளே போதும். உலகையே முடக்கிய அந்த வைரசு, தொற்றுநீக்கிகளின் முன்னே மிகவும் பலவீனமானது. அதனைச் சூழ்ந்திருப்பது ஒரு கொழுப்புறை. எண்ணெய்ச் சட்டியிலே சவர்க்காரம் என்ன செய்கிறதோ அதனையே அவ்வுறையிலுஞ் செய்கிறது. உறை கரைந்தால் வைரசு செயலற்றுப் போகும். சுமார் 70 சதவீத மதுசாரமும் 0.5 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டும் ஒரு நிமிடத்துக்குள் கொரோனா வைரசுகளை அழிக்க வல்லன. அகநோக்கிகளை ஊறவைக்கும் 2 சதவீதக் குளுற்றரல்டிகைட்டு, காசநோய்க் கிருமி போன்ற கடினமானவற்றையும் கொல்வது. அதற்கு இவ்வைரசு ஒரு பொருட்டன்று.

அப்படியாயின் கவலை நீங்கியதா? இல்லை. கவலை இருக்குமிடம் வேறு. அதனை உணர்வதற்கு, பெருந்தொற்றுக்குச் சில ஆண்டுகள் முன்னே செல்லவேண்டும்.

2014ஆம் ஆண்டின் இறுதியிலும் 2015இன் தொடக்கத்திலும், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பெரிய பல்கலைக்கழக வைத்தியசாலையொன்றிலே, பித்தக்கானைப் பார்க்கும் ஒருவகை அகநோக்கி வழியாக, மருந்துகளுக்கு அடங்காத பற்றீரியாத் தொற்று ஏழு நோயாளருக்கு ஏற்பட்டது. இருவர் இறந்தனர். 179 பேர் அக்கிருமிக்கு ஆளாகியிருக்கக்கூடுமென அறிவிக்கப்பட்டது. கருவியைச் செய்தோர் எழுதிக் கொடுத்த முறைப்படியே அது கழுவப்பட்டு வந்ததென்பதே நெஞ்சைத் தைக்குஞ் செய்தி. அக்குழாயின் நுனியிலே சிறு கம்பிகளை உயர்த்துவதற்கென ஒரு நுண்ணிய நெம்பு உண்டு. தூரிகையின் மயிர் எட்டாத அதன் இடுக்குக்குள் அழுக்குத் தங்கியிருந்தது.

அழுக்கு இருக்குமிடத்தில் மருந்து ஏன் தோற்கிறது? முட்டையின் வெண்கரு சூட்டிலே இறுகுவதுபோல, குளுற்றரல்டிகைட்டுப் பட்டதும் இரத்தத்திலும் சளியிலுமுள்ள புரதம் இறுகிக் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். அதனடியில் இருக்கும் கிருமிக்கு அதுவே கூரையாகிவிடும். எனவே மருந்திலிடுமுன் துலக்கவேண்டும். மருந்து எவ்வளவு வலியதாயினும் துலக்குதலை அது ஈடுசெய்யாது.

துலக்கும் வேலை நோயாளியின் கட்டிலருகிலேயே ஆரம்பமாகிறது. குழாயை வெளியே எடுத்தவுடன் துடைத்து, கழுவுதிரவத்தை அதனூடு உறிஞ்சச் செய்து, ஈரங் காயாமல் மூடிய பெட்டியிலே கொண்டுசெல்லவேண்டும். பின்னர் காற்றூதி நீரில் அமிழ்த்தி ஓட்டையுண்டா என்று பார்ப்பர். சைக்கிள் டியூப்பைச் சோதிக்கும் அதே முறைதான். அதன்பின் தூரிகை. நுனியில் அழுக்கின்றி அது வெளிவரும்வரை, மீண்டும் மீண்டும். ஒரு மணித்தியாலத்துக்குள் இவ்வேலை தொடங்கவேண்டுமென்பர். பெருந்தொற்றுக் காலத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலே, நள்ளிரவில், கவசவுடையுள் வியர்த்து நிற்கும் தாதியொருவருக்கு அந்த ஒரு மணித்தியாலம் எவ்வளவு அருமையானதென்று நாம் சொல்லவேண்டியதில்லை.

கழுவுபவரின் பாட்டையும் இங்கே நினைக்கவேண்டும். குழாயைச் செலுத்தும் வைத்தியரின் திறமையைப் பலரும் பேசுவர். கழுவுதொட்டியருகே நிற்பவரை நோயாளி காண்பதேயில்லை. தூரிகையை வெளியே இழுக்கும்போது அதன் மயிர் சிலிர்த்து நுண்டுளிகளைத் தெறிக்கும். அதனாலேயே நுனியை நீருக்குக் கீழே வைத்துத் துலக்கவேண்டுமென்பது விதி. 2020இலே அவருக்கும் முகக்கவசமும் கண்மறைப்பும் நீண்ட அங்கியும் அவசியமாயின. உண்மையில் அவை முன்னமே அவருக்கு உரியவை. குளுற்றரல்டிகைட்டின் ஆவியும் கண்ணை எரிப்பது. சிலருக்கு ஆஸ்துமாவையும் தருவது.

மருந்துத் தொட்டியிலும் ஒரு சூது உண்டு. ஒருமுறை கலக்கிய திரவத்தைப் பல நாட்கள் பயன்படுத்துவர். ஒவ்வொரு குழாயோடும் சிறிது தண்ணீர் உள்ளே செல்ல, அதன் வலிமை குறைந்துகொண்டே போகும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. சோதனைத்தாளைத் தோய்த்து நிறம் பார்த்தாலன்றி உண்மை வெளிப்படாது. எமது ஆய்வுகூட மாணவர் செய்யும் வேலை போன்றதே. ஆனால் தவறினால் போவது புள்ளிகளல்ல.

இறுதியாகக் காயவைத்தல். இதனைச் சிறு விஷயமென்று பலரும் எண்ணுவர். நன்கு தொற்றுநீக்கிய குழாயிலும் ஈரமிருந்தால், தண்ணீரில் வாழும் சூடோமோனசு முதலிய பற்றீரியாக்கள் ஓரிரவிலே பெருகிவிடும். ஆகையால் மதுசாரத்தை உள்ளே செலுத்தி, குறைந்தது பத்து நிமிடம் காற்றூதி, அலுமாரியிலே தொங்கவிடுகின்றனர்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் அகநோக்கிகளும் இப்பொழுது வந்துள்ளன. பெருந்தொற்றின்போது நுரையீரற் பரிசோதனைக்கு அவை பெரிதும் உதவின. எனினும் விலையும், குவியும் குப்பையும் எங்குந் தாங்கத்தக்கவையல்ல. ஆகவே தூரிகைக்கு இன்னும் வேலை ஓயவில்லை. சில வைத்தியசாலைகளில், கழுவி உலர்த்திய குழாயின் துவாரத்தினுள்ளே நூல்போன்ற மெல்லிய கமெராவொன்றைச் செலுத்திப் பார்க்கின்றனர். சுத்தமென்று ஒதுக்கிவைத்த குழாய்கள் சிலவற்றினுள்ளும் கீறல்களும் நீர்த்துளிகளும் காணப்பட்டுள்ளன. அத்தகைய குழாய் மீண்டும் கழுவுதொட்டிக்கே அனுப்பப்படுகிறது.