கொழுப்பு ஏலாத குழந்தை

இடைசெவல் போன்ற நம் கரிசல் கிராமங்களில் குழந்தை நாளுக்கு நாள் மெலிந்து, வயிறு உப்பி, ஓயாது கழிந்தால் மாந்தம் என்போம், சவலை என்போம். தேறட்டும் என்று சோற்றில் நெய்யைக் கூட்டுவோம். ஆயினும் மிகச் சில குழந்தைகளுக்கு அந்த நெய்யே பகையாகிறது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

உண்ட கொழுப்பு, குடலின் உட்சுவரில் ஒருவகைப் புரதத்தோடு சிறு பொதிகளாகக் கட்டப்பட்ட பின்னரே உடலில் சேரும். பொதி கட்டுவதற்குரிய மரபணு பிறவியிலேயே பழுதுற்றிருப்பின், கொழுப்பு குடலிலேயே தங்கிவிடும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையும் கடும் நாற்றமுமாகப் போகும். கொழுப்பின் துணையோடு சேரவேண்டிய ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் குறையும். வைட்டமின் ஈ குறைவதால், ஆண்டுகள் செல்லச் செல்ல நடை தள்ளாடும், பார்வையும் மங்கும்.

1950-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான பாசன், கார்ன்சுவெய்க் இருவரும் இந்நோயை முதன்முதலில் விவரித்தனர். அவர்கள் கண்ட நோயாளி 18 வயதுப் பெண். அவளுடைய இரத்தச் சிவப்பணுக்கள் நெருஞ்சிக்காய் போல் முள்முள்ளாய் இருந்தன. நோயின் காரணமான மரபணுக் கோளாறு 1993-இல்தான் தெளிவாயிற்று.

இன்றோ, கைக்குழந்தைப் பருவத்திலேயே இதனைக் கண்டறியலாம். இரத்தத்தில் கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் மிகமிகக் குறைந்திருப்பது முதல் அடையாளம். நுண்பெருக்காடியில் தெரியும் முள்ளணுக்கள் அடுத்தது. இதன் இனமான வேறொரு நோயில் முள்ளணுக்கள் பெரும்பாலும் இரா. ஆதலால் மரபணுச் சோதனையே முடிவாக உறுதி செய்யும். கொழுப்பைக் குறைத்த உணவும், மிகுந்த அளவில் வைட்டமின் ஈயும், ஏனைய வைட்டமின்களும் மருத்துவர் மேற்பார்வையில் காலத்தே கொடுக்கப்பட்டால், நரம்பும் கண்ணும் பெரிதும் காக்கப்படும். தாய்ப்பாலைத் தாமாக நிறுத்துதல் கூடாது.

பெற்றோர் இருவரிடமும் இக்குறை மறைந்திருந்தால், அவர்கள் நலமாகவே இருப்பர். ஆனால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவில் மணந்தோரிடையே இவ்வாய்ப்பு கூடுகிறது. அக்காள் மகளை மணப்பதையும், அத்தை மாமன் மக்கள் தம்முள் மணப்பதையும் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1091-ஆம் விதி தடை செய்கிறது; விதிவிலக்குப் பெற்றே அத்தகைய மணம் நடைபெற இயலும். விதிவிலக்குக் கேட்கும் குடும்பங்கள் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

குழந்தை தேறாவிடில் தாயைப் பழியாது, கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கோ பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்வோம். உறவில் மணந்ததையும், முன்பு குழந்தை இறந்திருப்பின் அதனையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வோம்.